மோரிகனின் சொந்த வீடு: டார்க்ஸ்டாக்கர்ஸ் தொடர் பிறந்ததும் நின்றதும்

மார்வெல் நாயகர்களோடு மோதும் கேப்காம் ஆட்டங்களில் வௌவால் சிறகு விரித்து வரும் மோரிகனைப் பார்த்திருப்பதாகவும், அவள் எந்த ஆட்டத்திலிருந்து வந்தவள், அந்த ஆட்டம் ஏன் இப்போது வருவதில்லை என்று தெரிந்துகொள்ள விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதிக்கு ஒரு வரி போதும். அவளுடைய வீடு டார்க்ஸ்டாக்கர்ஸ். ஜப்பானில் அதன் பெயர் வேம்பயர். கேப்காம் நிறுவனம் 1994 முதல் 1997 வரை நாணயம் போட்டு விளையாடும் ஆர்கேட் கூடங்களுக்காக வெளியிட்ட ஐந்து சண்டை ஆட்டங்கள் கொண்ட தொடர் அது. அதற்குப் பிறகு மறுபதிப்புகள் வந்தன, தொகுப்புகள் வந்தன. புதிய பாகம் ஒன்றுகூட வரவில்லை. ஏன் வரவில்லை என்பதற்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டியிருக்கிறது. என் கணிப்பைச் சுருக்கமாக முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அந்தத் தொடரை உயரத்தில் வைத்தது எதுவோ அதுவே அதைத் தொடர விடாமலும் செய்தது. அது அதன் கையால் வரைந்த படம்.

1994-இல் கேப்காமின் நிலையை நினைத்துப் பாருங்கள். 1991-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்து ஆர்கேட் உலகத்தையே புரட்டிப்போட்டது. அடுத்த மூன்று ஆண்டுகளும் கேப்காம் அதே ஆட்டத்தைச் சற்று மாற்றிச் சற்று கூட்டி மறுபடி மறுபடி வெளியிட்டது. சாம்பியன் என்றார்கள், டர்போ என்றார்கள், சூப்பர் என்றார்கள், பிறகு சூப்பர் டர்போ என்றார்கள். இந்த நிறுவனத்துக்கு மூன்று வரை எண்ணத் தெரியாது என்று ரசிகர்கள் கேலி செய்தார்கள். இதற்குள் மோர்ட்டல் காம்பாட் ரத்தத்தைக் காட்டிக் கூட்டம் சேர்த்தது. செகா நிறுவனத்தின் விர்ச்சுவா ஃபைட்டர் முப்பரிமாணத்தைக் கொண்டுவந்தது. ஸ்ட்ரீட் ஃபைட்டரின் நாயகர்களான ரியூ, கென் இல்லாத ஒரு சண்டை ஆட்டம் கேப்காமுக்குத் தேவைப்பட்டது.

பழைய யுனிவர்சல் ஸ்டுடியோ படங்களின் அரக்கர்களை வைத்து ஒரு சண்டை ஆட்டம் செய்யலாம் என்ற யோசனையைத் தாம் முன்வைத்ததாக, அப்போது கேப்காமின் அமெரிக்கப் பிரிவில் இருந்த அலெக்ஸ் ஹிமெனெஸ் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்த உரிமம் கைக்கு வரவில்லை. வராததே நல்லதாகப் போயிற்று என்பேன். வந்திருந்தால் 1930-களின் கறுப்பு வெள்ளை முகங்களுக்கு வண்ணம் பூசியதோடு வேலை முடிந்திருக்கும். வராததால் ஒவ்வொரு அரக்கனையும் சொந்தமாகக் கற்பனை செய்ய வேண்டியதாயிற்று. ஜப்பானியக் குழு அதைச் செய்த விதத்தில்தான் இந்தத் தொடரின் உயிர் இருக்கிறது.

முதல் ஆட்டம் 1994 ஜூலையில் வந்தது. விளையாடக் கிடைத்தவர்கள் பத்துப் பேர். ரத்தக் காட்டேரி டெமிட்ரி மாக்ஸிமோஃப். ஓநாய் மனிதன் ஜான் டால்பைன். இவன் புரூஸ் லீயைப் போல நுஞ்சாக்கு சுழற்றுபவன். பிணத் துண்டுகளைத் தைத்து உருவான விக்டர். அமேசான் நதியின் நீர்மனிதன் ரிக்குவோ. எகிப்திய மம்மி அனாகாரிஸ். பனிமலை வாசி சாஸ்குவாட்ச். பேய்க் கவசத்துக்குள் சிக்கிக்கொண்ட சாமுராய் பிஷாமோன். செத்த பிறகும் கிடாரை விடாத ஆஸ்திரேலிய ராக் பாடகன் லார்ட் ராப்டர். பூனைப் பெண் ஃபெலிஷியா. கடைசியாக மோரிகன் ஆன்ஸ்லண்ட். ஆங்கிலத்தில் சக்குபஸ் என்கிறார்களே, தூங்குகிற ஆண்களின் கனவில் வந்து உயிரை உறிஞ்சுகிற பேய், அந்த இனம். நம் ஊரில் மோகினி என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது. இவர்களைத் தாண்டினால் இரண்டு பெரிய எதிரிகள்: மாயா நாகரிகத்துச் சிலையைப் போலிருக்கும் இயந்திரன் ஹுவிட்சில், பூமியை விழுங்க வந்த நெருப்புயிர் பைரன்.

பட்டியலைப் படித்தால் திகில் ஆட்டம் என்று தோன்றும். கையில் எடுத்தால் திகில் துளியும் இல்லை, கோமாளித்தனம்தான் இருக்கிறது. லார்ட் ராப்டருக்கு ஒரு பிடி உண்டு. எதிரியைக் கூடைப்பந்தாகச் சுருட்டித் தட்டிக்கொண்டுபோய் வளையத்தில் போடுவான். ஃபெலிஷியா பூனையாயிற்றே, காலால் மண்ணைப் பறித்து எதிரி முகத்தில் அள்ளி வீசுவாள். அவளுடைய பெரிய தாக்குதலுக்கு 'தயவுசெய்து உதவுங்கள்' என்று பெயர்; கூப்பிட்டவுடன் தோழிப் பூனைகள் படையாக ஓடிவந்து எதிரியை மொத்துகின்றன. அனாகாரிஸ் எதிரி எறிந்த நெருப்புருண்டையை வாய் திறந்து விழுங்கி, நேரம் பார்த்துத் திருப்பித் துப்புகிறான். பிஷாமோனின் கடைசி வெட்டில் எதிரி நேர்பாதியாகப் பிளந்து நிற்பதும் உண்டு. மோர்ட்டல் காம்பாட்டில் இதைப் பார்த்தால் வயிற்றைப் புரட்டும். இங்கே சிரிப்பு வருகிறது. அதற்குக் காரணம் வரைந்த கை.

அந்தக் கையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஆட்டம் ஓடியது கேப்காமின் சிபிஎஸ்-2 என்ற மின்சுற்றுப் பலகையில். திரையின் அளவு 384 புள்ளி அகலம், 224 புள்ளி உயரம். ஓர் உருவத்துக்கு ஒரு வண்ணத்தட்டு, அதில் 16 இடம், அதிலும் ஓர் இடம் வெறுமைக்குப் போய்விடும். இன்றைய கைப்பேசியில் ஒரு பயன்பாட்டின் சின்னத்துக்குக்கூட இதைவிட அதிக வண்ணம் செலவாகும். இந்தச் சின்ன இடத்தில், ஒவ்வொரு அசைவையும் சட்டகம் சட்டகமாகக் கையால் வரைந்தார்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டரில் குத்து என்றால் முஷ்டி நீளும், திரும்பும். இங்கே குத்து விடும் நேரத்தில் உடம்பே வேறொன்றாகிவிடுகிறது. விக்டரின் கை அவன் உடம்பைவிடப் பெரிதாக ஊதுகிறது. மோரிகனின் உடையும் சிறகும் உண்மையில் வௌவால்கள். அவள் அடிக்கும்போது அவை கத்தியாக, துளைக்கருவியாக, ஈட்டியாக உருமாறி, அடி முடிந்ததும் மறுபடி சிறகாகத் தோளில் வந்து அமர்கின்றன. சும்மா நிற்கும்போதும் யாரும் சும்மா நிற்பதில்லை. அடி வாங்கும்போது ஒவ்வொருவரும் தனக்கே உரிய விதத்தில் நசுங்குகிறார்கள், உறைகிறார்கள், கருகுகிறார்கள். அச்சிட்ட ஓவியங்களில் பெங்குஸ் என்ற புனைபெயர்க் கலைஞரின் கை தனியாகத் தெரியும். பெட்டியின் மேலிருந்த ஓவியமும் உள்ளே ஓடிய ஆட்டமும் ஒரே வார்ப்பாக இருந்த ஆட்டங்கள் அந்தக் காலத்தில் குறைவு.

படம் மட்டும் அழகாயிருந்தால் இத்தனை ஆண்டு யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். ஆட்ட இலக்கணத்திலும் டார்க்ஸ்டாக்கர்ஸ் சில கதவுகளைத் திறந்தது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இல் தொடர் அடி என்பது தற்செயலாகப் பிறந்து, நுணுக்கமாக நேரம் கற்றவர்களுக்கு மட்டும் கைவந்த வித்தை. இங்கே மெல்லிய அடியிலிருந்து நடுத்தர அடி, அதிலிருந்து வலிய அடி என்று பொத்தான்களை வரிசையாக அழுத்தினாலே அடிகள் சங்கிலியாகக் கோத்துக்கொள்கின்றன. புதிதாக நாணயம் போட்டவனும் முதல் நிமிடத்திலேயே நான்கு அடி சேர்த்து அடித்துவிட்டு நிமிர்ந்து உட்காருவான். பின்னால் வந்த மார்வெல் ஆட்டங்களின் அடிப்படையே இந்தச் சங்கிலிதான். அந்தரத்தில் இருக்கும்போது தடுக்கலாம். குனிந்தபடியே நகரலாம். சேர்த்துவைத்த சக்தியைச் செலவழித்து வழக்கமான தாக்குதலைப் பலப்படுத்தலாம். இஎஸ் தாக்குதல் என்று பெயர். 1997-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3-இன் இரண்டாம் பதிப்பில் வந்து இன்றுவரை நிலைத்துவிட்ட இஎக்ஸ் தாக்குதலுக்கு இதுதான் மூத்த அக்காள்.

பாய்ந்து முன்னேறுவதுகூட ஆளுக்கு ஆள் வேறு. டெமிட்ரி மறைந்து, தள்ளிப்போய்த் தோன்றுகிறான். சாஸ்குவாட்ச் தவளைபோலத் தத்துகிறான். மோரிகன் தரையை விட்டு எழும்பிப் பறக்கிறாள். ஒருவரைப் பழகிவிட்டு இன்னொருவரை எடுத்தால் நடக்கவே புதிதாகக் கற்க வேண்டும். சிலருக்கு இது எரிச்சல். எனக்கு இதுதான் ருசி.

இங்கே பெயர்க் குழப்பத்தை ஒருமுறை தீர்த்துவிடுகிறேன், இல்லையென்றால் காணொளிகள் பார்க்கும்போது தலை சுற்றும். ஜப்பானில் ஜான் டால்பைனுக்குக் கேலன் என்று பெயர். ரிக்குவோ அங்கே ஆல்பத். லார்ட் ராப்டர் அங்கே ஸாபெல். ஹுவிட்சில் அங்கே ஃபோபோஸ். பின்னால் வரப்போகும் சீனப் பெண் ஷியென்-கோ அங்கே லெய்-லெய். தொடரின் பெயரும் பாகத்துக்குப் பாகம் மாறுகிறது: முதல் பாகம் வேம்பயர், இரண்டாவது வேம்பயர் ஹண்டர், மூன்றாவது வேம்பயர் சேவியர். மேற்கில் இவையே டார்க்ஸ்டாக்கர்ஸ், நைட் வாரியர்ஸ், டார்க்ஸ்டாக்கர்ஸ் 3 ஆயின. விளையாடுபவர்கள் பெரும்பாலும் ஹண்டர், சேவியர் என்றே சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

ஹண்டர் 1995 மார்ச்சில் வந்தது. முதல் பாகத்தில் சக்திப் பட்டை நிறைந்ததும் கரையத் தொடங்கும். அவசர அவசரமாகச் செலவழிக்க வேண்டும். ஹண்டரில் அதைச் சேமிக்க முடிந்தது, 99 வரை அடுக்கலாம். தற்காப்பு நிலையிலிருந்தே எதிர்த்தாக்கும் வழியும் வந்தது. ஹுவிட்சிலும் பைரனும் விளையாடக் கிடைத்தார்கள். அரக்கர்களை வேட்டையாடும் இருவர் புதிதாகச் சேர்ந்தார்கள். ஒருவன் டோனவன்: பாதி மனிதன், பாதி காட்டேரி, பெரிய வாளும் ஜெபமாலையுமாகத் திரிபவன், அவன் பின்னால் முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லாமல் ஒரு சிறுமி நடந்துவருவாள். இன்னொருத்தி ஷியென்-கோ. செத்தவர் விறைத்த உடம்போடு குதித்துக் குதித்து வருவதாகச் சீனர்கள் சொல்லும் பேய்க்கதை இருக்கிறதே, அந்த இனம். அந்தப் பேயின் நெற்றியில் மந்திரம் எழுதிய தாளை ஒட்டினால் அடங்கிவிடும் என்பது நம்பிக்கை. இவளுடைய தொப்பியில் தொங்குகிற மந்திரத் தாள் வேறு யாருமல்ல, இவளுடைய இரட்டைச் சகோதரி மெய்-லிங். தன்னைத் தாளாக்கிக்கொண்டு உடன்பிறந்தவளின் வெறியை அடக்கிவைத்திருக்கிறாள். கைக்குட்டை அளவுத் தாளில் ஒரு குடும்பக் கதையையே ஒட்டிவைத்துவிட்டார்கள். நீண்ட சட்டைக் கைக்குள்ளிருந்து அவள் எறியும் பொருள்களைப் பார்க்கவே அவளை எடுத்து விளையாடலாம்.

1997 மேயில் வந்த சேவியர்தான் சிகரம். அதில் ஒரு மாற்றம் செய்தார்கள். சிறியதாகத் தெரியும், ஆட்டத்தின் மூச்சையே மாற்றிவிட்டது. வழக்கமான சண்டை ஆட்டத்தில் மூன்று சுற்று, இரண்டு வென்றால் வெற்றி. ஒவ்வொரு சுற்றிலும் இருவரும் முழு உயிரோடு புதிதாகத் தொடங்குவார்கள். சேவியரில் சுற்றே இல்லை. ஆளுக்கு இரண்டு உயிர்ப்பட்டை. என் முதல் பட்டை தீர்ந்தால் நான் விழுந்து, எழுந்து, இரண்டாவது பட்டையோடு அதே இடத்திலிருந்து சண்டையைத் தொடர்கிறேன். நீங்களோ கையில் மிச்சமிருக்கும் உயிரோடுதான் தொடர வேண்டும். பத்தில் ஒரு பங்கு உயிரோடு என்னை வீழ்த்தியிருந்தால், அடுத்து நான் கொடுக்கும் இரண்டு அடியில் நீங்களும் விழுவீர்கள். வாங்கிய அடியில் ஒரு பகுதி வெள்ளையாகத் தெரியும். கொஞ்ச நேரம் அடிபடாமல் தப்பித்தால் அது மெல்லத் திரும்பி ஏறும். அடித்தவன் விடாமல் துரத்துகிறான், அடிபட்டவன் மூச்சுவிட இடம் தேடுகிறான். இடைவேளை இல்லை. எதிரியின் தாக்குதலைத் தடுத்துக்கொண்டே பொத்தான்களைத் தட்டி அவனைத் தள்ளிவிடும் உத்தியும் இருக்கிறது. அது தெரியாமல் சேவியர் ஆடினால் மூலையில் மாட்டிக்கொண்டு வெளியே வர முடியாது. இவற்றோடு வேகமும் சேர்ந்துகொள்கிறது. புதியவர் வேடிக்கை பார்த்தால் யார் யாரை அடிக்கிறார்கள் என்றே பிடிபடாது. ஒரு வாரம் ஆடிய பிறகு மற்ற சண்டை ஆட்டங்கள் தண்ணீருக்குள் நடப்பதுபோல இருக்கும்.

சேவியரின் கதையில் ஜெடா என்ற அரக்கப் பிரபு திரும்பி வந்து, எல்லா ஆன்மாக்களையும் ஒன்றாகத் திரட்டப் பார்க்கிறான். மோரிகனிடமிருந்து பிரித்துவைக்கப்பட்ட சக்தி லிலித் என்ற சிறுபெண்ணாக உருவெடுத்து அவளைத் தேடி வருகிறது. தேனீ ராணி க்யூ-பீ வருகிறாள். நான்காவதாகச் சேர்ந்தவள்தான் என் கண்ணில் தொடரின் மிகச் சிறந்த கற்பனை: பி.பி. ஹூட். சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு பாட்டி வீட்டுக்குப் போகும் சிறுமியின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இவள் அவளேதான், கூடைக்குள் மட்டும் பலகாரத்துக்குப் பதில் இயந்திரத் துப்பாக்கி. தரையில் கண்ணிவெடி புதைப்பாள். பக்கத்தில் ஹாரி என்று ஒரு நாய்க்குட்டி ஓடிக்கொண்டே இருக்கும். காட்டேரிகளும் பிணங்களும் நிறைந்த கூட்டத்தில் இவள் ஒருத்திதான் சாதாரண மனிதப் பிறவி, காசுக்காக அரக்கர்களைக் கொல்பவள். கூட்டத்திலேயே ஈவிரக்கம் இல்லாதவளும் இவள்தான். ஆட்டம் இதை எங்கேயும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஜெயித்ததும் அவள் முகம் மாறுவதைப் பார்த்தால் புரியும்.

புதியவர்கள் நால்வர் வந்ததில் டோனவன், ஹுவிட்சில், பைரன் மூவருக்கும் இடமில்லாமல் போயிற்று. அவர்களைப் பழகியிருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? அதே 1997-இல், ஜப்பானில் மட்டும், கேப்காம் மேலும் இரண்டு ஆட்டங்களை வெளியிட்டது. ஹண்டர் 2-இல் பழைய ஆட்களுக்குச் சேவியரின் ஆட்டமுறை. சேவியர் 2-இல் அந்த மூவர் திரும்பினார்கள். ஆனால் ஓநாய் மனிதன், நீர்மனிதன், சாஸ்குவாட்ச் மூவரும் வெளியேற்றப்பட்டார்கள். ஒரு பக்கம் போர்வையை இழுத்தால் மறுபக்கம் கால் தெரிகிற கதை. பதினெட்டுப் பேரும் ஒரே ஆட்டத்தில் கூடியது 1998-இல் சேவியர் வீட்டுக் கன்சோல்களுக்கு வந்தபோதுதான்.

வீட்டுக்கு வந்த கதையும் படத்தின் கதையேதான். பிளேஸ்டேஷனின் நினைவகத்தில் இத்தனை சட்டகங்களை அடைக்க முடியாமல் அசைவுகளைக் குறைக்க வேண்டியிருந்தது. செகா சாட்டர்ன் கன்சோலில் செருகும் 4 மெகாபைட் நினைவக அட்டை உண்டு. அதைச் செருகினால்தான் சேவியர் ஓடும், ஓடினால் ஆர்கேடுக்கு மிக அருகில் நிற்கும். ஆகவே அன்று ஜப்பானியச் சாட்டர்ன் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் தலைக்கனத்தோடு இருந்ததில் நியாயம் இருக்கிறது. 2000-இல் செகாவின் அடுத்த கன்சோலான டிரீம்காஸ்டுக்கு வேம்பயர் க்ரானிக்கிள் வந்தது. ஒரே ஆளை முதல் பாகத்து விதியிலோ, ஹண்டர் விதியிலோ, சேவியர் விதியிலோ எடுத்து விளையாடலாம். தொலைபேசி இணைப்பு வழியாகத் தூரத்து ஆளோடு மோதவும் வசதி இருந்தது. அதுவே பின்னால் பிஎஸ்பி கையடக்கக் கருவிக்கும் போயிற்று.

தொலைக்காட்சியில் நடந்ததைச் சீக்கிரம் கடந்துவிடலாம். 1995-இல் அமெரிக்காவில் 13 பகுதிக் கார்ட்டூன் வந்தது. பார்த்தவர்கள் மறக்க முயன்றுகொண்டிருக்கிறார்கள். 1997-98-இல் மேட்ஹவுஸ் நிறுவனம் ஜப்பானில் எடுத்த நான்கு பகுதி அனிமே அதற்கு நேர் எதிர். சண்டைக் காட்சிகள் ஆட்டத்தின் ஓவியத்துக்குச் சமமாக நிற்கின்றன.

அசல் ஆர்கேட் பலகைகளுக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ஐத் திருட்டு நகலெடுத்து உலகமே விற்றதில் சூடுபட்ட கேப்காம், சிபிஎஸ்-2 பலகையில் ஆட்டத்தின் நிரலைப் பூட்டிவைத்தது. பூட்டைத் திறக்கும் சாவி, பலகையிலேயே ஒரு பேட்டரியின் தயவில் நினைவகத்தில் உட்கார்ந்திருக்கும். பேட்டரி தீர்ந்தால் சாவி அழியும். ஆட்டம் அதோடு செத்துவிடும். சேகரிப்பாளர்கள் இதைத் தற்கொலை பேட்டரி என்பார்கள். நல்ல நிலையில் இருந்த பலகை ஒரு நாள் காலையில் வெறும் வண்ணத் திரை காட்டி நிற்கும். 2000-களின் தொடக்கத்தில் ஆர்வலர்கள் சிலர் பூட்டை உடைக்க வழி கண்டார்கள். அந்த வேலை நடக்காமல் இருந்திருந்தால், சாகாதவர்களைப் பற்றிய இந்த ஆட்டத்தின் பல பலகைகள் இன்று செத்த பிளாஸ்டிக் பெட்டிகளாகக் கிடந்திருக்கும்.

இனி, ஏன் நின்றது என்ற கேள்வி. சேவியர் வந்த அதே 1997-இல் முப்பரிமாணச் சண்டை ஆட்டமான டெக்கன் 3 வந்தது. முப்பரிமாணத்தில் ஒரு மாதிரியைச் செய்துவிட்டால் அதை எந்தக் கோணத்திலும் திருப்பலாம், அடுத்த பாகத்துக்கும் எடுத்துச் செல்லலாம். கையால் வரைந்த உருவத்துக்கு அந்த வசதி இல்லை. புதிய அடி ஒன்று வேண்டுமென்றால் புதிய படங்கள் வேண்டும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் வீரர்கள் மனிதர்கள். ஒரு குத்துக்கும் இன்னொரு குத்துக்கும் உடம்பு ஒன்றே. டார்க்ஸ்டாக்கர்ஸில் ஒவ்வொரு குத்திலும் உடம்பு வேறாக வேண்டும், அதுதானே அதன் வாக்குறுதி. ஆர்கேட் கூடங்களில் கூட்டம் குறைந்துகொண்டிருந்த காலத்தில் இத்தனை கை உழைப்பைக் கேட்கும் தொடருக்கு நான்காம் பாகம் கொடுப்பதைவிட, வரைந்து முடித்த ஆட்களை வேறு ஆட்டங்களுக்கு அனுப்புவது மலிவு. கேப்காம் அதைத்தான் செய்தது. உள்ளே என்ன பேசிக்கொண்டார்கள் என்பதல்ல, வெளியே நடந்ததை வைத்து நான் சொல்வது இது.

அப்படி அனுப்பப்பட்டதில் மோரிகன் பட்ட பாடு தனிக் கதை. 1994-இல் வரைந்து, அடுத்த பாகங்களில் கொஞ்சம் கூட்டிய அதே உருவம் 1998-இல் மார்வெல் வெர்சஸ் கேப்காமில் வந்தது. 2000-இல் அதன் இரண்டாம் பாகத்திலும் வந்தது. அதே ஆண்டு கேப்காம் வெர்சஸ் எஸ்என்கே-யில் ரியூவையும், போட்டி நிறுவனமான எஸ்என்கே-யின் நாயகன் கியோவையும் பெரிய திரைக்கேற்பப் புதிதாக வரைந்தார்கள். மோரிகனை மட்டும் பழைய பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே நிறுத்திவிட்டார்கள். கல்யாண மண்டபத்தில் எல்லோரும் பட்டுடுத்தி நிற்க, ஒருத்தியை மட்டும் சமையற்கட்டுச் சேலையோடு படம் எடுத்த மாதிரி இருந்தது. 2001-இல் அதன் அடுத்த பாகத்திலும் அதே சேலை. 2008-இல் டாட்சுனோகோ வெர்சஸ் கேப்காமில் முப்பரிமாண உடம்பு கிடைத்தது. 2011-இல் மார்வெல் வெர்சஸ் கேப்காம் 3-இல் அவள் மறுபடி ஒரு பெரிய ஆட்டக்காரியானாள். துணைக்கு வரும் மார்வெல் வில்லன் டாக்டர் டூமின் ஏவுகணைகளை மேலிருந்து பொழியவிட்டு, காற்றில் மிதந்தபடி திரை முழுக்கத் தன் ஆன்மக் கணைகளை நிரப்பும் அந்த ஜோடியைப் போட்டிகளில் எதிர்கொண்டவர்கள் இன்றும் மோரிடூம் என்ற சொல்லைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். நீங்கள் பார்த்தது அநேகமாக இந்த மோரிகனைத்தான்.

மற்றவர்களும் ஊர் சுற்றினார்கள். 1996-இல் வந்த சூப்பர் பஸில் ஃபைட்டர் என்ற புதிர் ஆட்டத்தின் எட்டு முக்கிய ஆட்களில் பாதிப் பேர் இந்த வீட்டுப் பிள்ளைகள். டெமிட்ரிக்கு ஒரு விசித்திரத் தாக்குதல் உண்டு: எதிரியை ஒரு கணம் அழகிய பெண்ணாக மாற்றி ரத்தம் குடிப்பான், எதிரி மம்மியானாலும் பனிமலை வாசியானாலும். ஆகவே ஒவ்வொருவருக்கும் பெண் உருவம் தனியே வரைந்தாக வேண்டும். 2003-இல் எஸ்என்கே பிளேமோர் தன் ஆட்டம் ஒன்றில் டெமிட்ரியைச் சேர்த்துக்கொண்டபோது, அந்த நிறுவனமும் இந்தக் கூடுதல் வேலையைத் தலையில் போட்டுக்கொண்டு தன் முரட்டு வீரர்களுக்கெல்லாம் பாவாடை மாட்டிவிட்டது. ஒரு தாக்குதலுக்காக இவ்வளவு வரைய வேண்டியிருந்தது என்பதிலிருந்தே நான் மேலே சொன்ன செலவுக் கணக்கு புரியும்.

2012-இல் 'டார்க்ஸ்டாக்கர்ஸ் சாகவில்லை' என்ற வாசகத்தோடு கேப்காம் ஒரு முன்னோட்டம் காட்டியது. ரசிகர்கள் நான்காம் பாகம் என்று துள்ளினார்கள். 2013 மார்ச்சில் வந்தது ஹண்டரும் சேவியரும் சேர்ந்த மறுபதிப்பு. இணையவழி மோதல் தடங்கலில்லாமல் ஓட இணையத் தாமதத்தை மறைக்கும் ரோல்பேக் முறையைச் சேர்த்திருந்தார்கள், நல்ல வேலை. விற்பனை எதிர்பார்த்த அளவு இல்லை என்று கேப்காமே சொல்லிவிட்டது. மறுபதிப்பு விற்றால்தான் புதியது என்ற கணக்கு எனக்கு ஒருபோதும் நியாயமாகப் படவில்லை. பழைய சோறு விற்கவில்லை என்று அடுப்பையே அணைப்பது போல. 2022 ஜூனில் வந்த கேப்காம் ஃபைட்டிங் கலெக்ஷன் தொகுப்பில்தான் ஐந்து ஆர்கேட் பாகங்களும் ஒன்றாக, உலகம் முழுவதற்கும் கிடைத்தன. ஹண்டர் 2-உம் சேவியர் 2-உம் ஜப்பானைத் தாண்டியது அதுவே முதல்முறை.

விளையாடிப் பார்க்க விரும்பினால் அந்தத் தொகுப்பை வாங்குங்கள். வரிசைப்படி முதல் பாகத்திலிருந்து தொடங்க வேண்டாம். இன்றைய கைக்கு அது கொஞ்சம் மெதுவாகத் தோன்றும். ஹண்டரில் தொடங்குங்கள், சுற்றுக் கணக்கும் பழக்கமானதாக இருக்கும். அடிகளைச் சங்கிலியாகக் கோக்கக் கை பழகியதும் சேவியருக்குப் போகலாம். மோரிகனை எல்லோரும் எடுப்பார்கள், நீங்களும் எடுப்பீர்கள். அதற்கு முன் ஒரு மாலை மட்டும் விக்டரை எடுத்துப் பயிற்சித் திரையைத் திறந்துவையுங்கள். வலிய அடிப் பொத்தானை விடாமல் அழுத்தினால் அவன் கையில் மின்சாரம் பாயும். அந்த அடி பட்டவர் உடம்புக்குள் ஒரு நொடி எலும்புக்கூடு மின்னி மறையும். எதிரே ஒவ்வொருவராக மாற்றி மாற்றி நிறுத்தி அடித்துப் பாருங்கள். ஒருவருக்கு வரைந்த கூட்டை இன்னொருவருக்கு மாட்டியிருக்கிறார்களா என்று தேடுங்கள்.